தகவல் அறிவியல் எங்கிருந்து வந்தது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கணினி வந்த பிறகு முளைத்த துறைதானே இது?

இல்லை. தகவலைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, கேட்பவருக்குத் தேடித் தருவதுதான் இந்தத் துறை. 1895-லேயே பிரஸ்ஸல்ஸில் பால் ஓட்லே, ஹென்றி லா ஃபோந்தேன் என்ற இரண்டு வழக்கறிஞர்கள், உலகில் அச்சான எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்கள். அட்டைகளில் எழுதி எழுதி அது ஒரு கோடியைத் தாண்டியது. கடிதம் போட்டுக் கேட்டால், பொருத்தமான அட்டைகளைத் தேடி நகலெடுத்து அனுப்புவார்கள். இன்று தேடுபொறி செய்கிற வேலைதான், அன்று இழுப்பறைகளில் நடந்தது. அப்போது பெயர் ஆவணவியல். அமெரிக்காவில் 1937-ல் ஆவணவியல் நிறுவனமாகத் தொடங்கிய அமைப்புகூட 1968-ல்தான் தகவல் அறிவியல் சங்கமானது.

கேள்வி: அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன்தான் இதன் தந்தை என்கிறார்களே?

எனக்கு உடன்பாடில்லை. அவருடைய 1948 கட்டுரை சிக்னல் பிசகாமல் போய்ச் சேருவதைப் பற்றியது, செய்தியின் பொருள் தன் கணக்கில் வராது என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். தகவல் அறிவியலில் இருக்கும் நமக்கோ பொருளை விட்டால் வேலையே இல்லை.

கேள்வி: நூலக அறிவியலிலிருந்து இது தனியா?

பிரிட்டனில் தகவல் அறிவியலாளர்கள் 1958-ல் தனி நிறுவனம் தொடங்கினார்கள், 2002-ல் நூலகச் சங்கத்தோடு இணைந்தார்கள். அவ்வளவுதான் தூரம்.

கேள்வி: மற்ற துறைகளிடம் கடன் வாங்காமல், சொந்தமாக எதையாவது கண்டுபிடித்ததா?

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் குழு, கட்டுரைகளையும் கேள்விகளையும் திரட்டி, எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே ஆட்களை வைத்துக் குறித்துக்கொண்டு, பலவகைச் சுட்டி முறைகளை, அதாவது கட்டுரையை எந்தச் சொற்களின்கீழ் பட்டியலிடுவது என்ற முறைகளை, மோதவிட்டது. பொருந்துவதில் எவ்வளவு கிடைத்தது, கிடைத்ததில் எவ்வளவு பொருந்தியது, இவை இரண்டுதான் அளவுகோல். நிபுணர்கள் பாடுபட்டு அமைத்த கலைச்சொல் முறைகளைவிட, கட்டுரையில் இருந்த சாதாரணச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்ட முறை நன்றாகத் தேடித் தந்தது! அவர்களே எதிர்பார்க்காத முடிவு. தேடல் முறைகளை இன்றும் பெரும்பாலும் இதே பாணியில்தான் சோதிக்கிறார்கள்.

கேள்வி: சரி, ஆவணம் என்றால் காகிதம் மட்டுமா?

1951-ல் பிரெஞ்சு நூலகர் சுசான் பிரியே சொன்ன உதாரணம் இது: காட்டில் ஓடும் மான் ஆவணமல்ல, பிடித்துவந்து பெயரிட்டு வகைப்படுத்தி ஆய்வுக்கு வைத்தால் அதே மான் ஆவணம். எதையோ எடுத்துக்காட்டும் சான்றாக ஒழுங்குபடுத்தி வைத்தது எதுவானாலும் ஆவணம்தான், சென்சார் பதிவுகளும் அதில் அடக்கம்.