ஒளித்துப் பாவிக்கிற கருவி

கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

வவுனியாவில் சட்டத்தரணியாக இருக்கிறேன். என்னிடம் நான்கு கனிஷ்டர்கள், ஒரு கிளாக்கர், தட்டச்சுக்கு ஒரு பிள்ளை. சில மாதங்களுக்கு முன் ஏஐ ஒன்றுக்குச் சந்தா கட்டி எல்லாருக்கும் கொடுத்தேன். ஒருவரும் தொடுவதில்லை. ஆனால் கனிஷ்டர்கள் தங்கள் போனில் வேறொன்றை ஒளித்துப் பாவிப்பது தெரிகிறது. கிளாக்கர் முன்போல் கதைப்பதில்லை. கொழும்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தால் சரிவருமா? இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

ஒரு சட்டத்தரணி, வவுனியா

பதில்

அன்புள்ள சட்டத்தரணி அவர்களுக்கு,

பயிற்சி பிறகு. இது வந்தால் யாருடைய வேலை என்னவாகும் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னீர்களா? கடிதத்தில் சந்தா இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, அந்தக் கதையைக் காணவில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களே ஒரு பதிலை ஊகித்துக்கொள்வார்கள். அது நல்ல பதிலாக இராது. போனை ஒளித்துப் பார்க்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். "ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலைக்கா உனக்கு இவ்வளவு காசு" என்று கேட்டுவிடுவீர்களோ என்று அதற்குப் பயம்.

ஒளிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூயோர்க் வழக்கு ஒன்று இருக்கிறது. 2023இல் அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய இரண்டு சட்டத்தரணிகளுக்கும் அவர்களின் நிறுவனத்துக்குமாக 5,000 டொலர் தண்டம் விழுந்தது. கேள்வி எழுந்தவுடனேயே உண்மையைச் சொல்லியிருந்தால் கதை வேறு; அந்தத் தீர்ப்புகள் உண்மை என்றே அவர்கள் விடாமல் நின்றதைத்தான் நீதிபதி பெரிதாக எடுத்தார். 2025 ஜூனில் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், சேம்பர் எனப்படும் சட்டத்தரணிகளின் கூட்டு அலுவலகத் தலைவர்களும் நிறுவனத்தை நடத்துபவர்களும் இப்படியான பிழை நடக்காமலிருக்க நடைமுறையில் ஏதாவது செய்தாக வேண்டும் என்றது. உங்கள் அறையில் அந்தத் தலைவர் நீங்கள்தான்.

கிளாக்கரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா காணி அலுவலாக வருகிறா என்று வையுங்கள். கையில் பொலித்தீன் பை. உள்ளே மடிப்பில் கிழிந்த எல்.டி.ஓ. பெர்மிட் (அரச காணிக்குக் கொடுக்கிற அனுமதிப்பத்திரம்), செட்டிகுளம் முகாமில் கொடுத்த அட்டை, கணவரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்ட மூன்று கடதாசிகள். மெஷினுக்கு அவை மூன்று ஆட்களாகவும் தெரியலாம். உங்கள் கிளாக்கர் முதலில் தண்ணி கொடுப்பார். பிறகு, "எந்த இடப்பெயர்வில விட்டிட்டு வந்தனீங்கள் அம்மா, 90லயோ 97லயோ?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே எந்தக் கடதாசி தொலைந்திருக்கும், பிரதேச செயலகத்தில் எந்த மேசையில் பிரதி கேட்கலாம் என்பது அவருக்கு விளங்கிவிடும்.

அந்த இடம் தன்னை விட்டுப் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவரைத் தனியாக இருத்திக் கதையுங்கள். "உங்களை நிறுத்தப் போவதில்லை, மெஷின் எழுதுகிற எந்தக் காணிக் கோவையும் உங்கள் கண் படாமல் வெளியே போகாது" என்று சொல்லுங்கள். இல்லை, நிறுத்தத்தான் யோசனை என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இத்தனை காலம் கூட நின்ற மனிதரை ஊகத்தில் வைத்து வாட்டக் கூடாது.

கனிஷ்டர்களின் விஷயம் வேறு. அவர்கள் எழுதி, நீங்கள் சிவப்புப் பேனையால் வெட்டி, அவர்கள் திரும்ப எழுதித்தான் தொழில் பழகுவது. வரைவை மெஷின் எழுதினால் அந்தப் பழக்கம் எங்கே நடக்கும்? பிழை பிடிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 1990இல் ஊரை விட்டுப் போனவரின் காணியில் இன்னொருவர் இருக்கிறார், பத்து வருஷத்துக்கு மேல் ஆட்சி என்கிறார். மெஷின், நீண்ட கால ஆட்சியால் உரிமை வருவதைச் சொல்கிற 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவை எடுத்து வைத்து, இருப்பவர் பக்கம் அழகாக எழுதிவிடக்கூடும். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான போர்க் காலத்தைப் பற்றி 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் என்ன சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது, வழக்கு வைக்க என்ன கால எல்லை போட்டது என்று தேடிக்கொண்டு பிள்ளை உங்கள் மேசைக்கு வர வேண்டும். இதற்கு வாரத்தில் ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். முதல் நாள் நீங்களே அவர்கள் முன்னால் மெஷினிடம் கேளுங்கள், அது விடுகிற பிழையை எல்லாருமாகப் பாருங்கள். சீனியர் வெளிப்படையாகப் பாவித்தால் பிள்ளைகள் ஏன் ஒளிக்கப் போகிறார்கள்?

ஒன்றில் மட்டும் இளக வேண்டாம். காணாமற்போன பிள்ளைக்காகத் தாய் கொடுத்த வாக்குமூலம், அடையாள அட்டை இலக்கம், சாட்சியின் ஊர், பெயர் எதுவும் போனில் இருக்கிற இலவசச் செயலிக்குள் போகக் கூடாது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தாய் உங்கள் முகத்தை நம்பித்தான் வாய் திறந்தவ.

மிச்சமாகும் நேரத்தையும் பேசிவிடுங்கள். மணிக்கணக்கில் கட்டணம் எடுப்பவர்கள் உண்மையில் செலவழித்த நேரத்துக்கே எடுக்கலாம் என்று அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 2024 ஜூலையில் சொன்னது. எங்கள் பக்கத்தில் வழக்குக்கோ தவணைக்கோதான் பீஸ். ஆகவே அந்த நேரம் உங்கள் கையில். அதில் இன்னும் பத்து வழக்கை ஏற்றினால் பிள்ளைகளுக்குச் சுமைதான் கூடும், பிறகு மெஷினை ஏன் விரும்பப் போகிறார்கள்? கட்சிக்காரரோடு ஆறுதலாக இருந்து கதைக்க அந்த நேரம் என்று முதலே அறிவியுங்கள். கொஞ்சம் சம்பளத்திலும் காட்டுங்கள்.

சரி, கொழும்பு ஆளைக் கூப்பிடுங்கள். இதெல்லாம் கதைத்து ஒரு மாதமாவது போகட்டும். தட்டச்சுப் பிள்ளை இருக்கிறா என்பதற்கு மேல் அவவைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. முதலில் மாறப்போவது அவவின் வேலைதான். அவவுக்கு என்ன யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.