பிளஸ் ஒன்னில் பள்ளி மாற்றும் முன் ஒரு நிமிடம்

அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நீங்கள் கேட்ட கேள்விதான் கவலையாக இருக்கிறது. முக்கூடலில் வீடு தேடி வந்து ‘ஏஐ வகுப்பு, ஸ்மார்ட் போர்டு, நீட் கோச்சிங் எல்லாம் சேர்த்து’ என்று சொன்னவரை நம்பி, நகையை அடகு வைத்து அவனை அரசுப் பள்ளியிலிருந்து அவர் சொல்லும் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்கிறீர்கள். வேண்டாம் அக்கா.

முதல் காரணம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவப் படிப்புக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. கடைசி இரண்டு வருஷம் மாற்றினால், முந்தைய ஐந்து வருஷமும் கணக்கில் வராது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

பாளையங்கோட்டையில் பேர்பெற்ற பள்ளிகள் பலவும் அரசு உதவிபெறும் பள்ளிகள். நல்ல பள்ளிகள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே சேர்த்தாலும் இந்த 7.5 சதவீதம் கிடைக்காது. இதைத் தெரியாமல் மாற்றிவிட்டு, கவுன்சிலிங் நேரத்தில் கண்ணீரோடு நிற்கிற பெற்றோர் இருக்கிறார்கள்.

‘கொள்கை மாறுது, பரீட்சை மாறுது’ என்று வீடு தேடி வந்தவர் பயமுறுத்தினார் அல்லவா? மாறியது உண்மை. 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு தனக்கென மாநிலக் கல்விக் கொள்கை வெளியிட்டது. 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது. நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இங்கேதான். பொதுத்தேர்வு இல்லை என்றதும் சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வருஷமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடும். முன்பு இப்படி நடந்ததால்தான் 2017-18-ல் அந்தத் தேர்வையே கொண்டுவந்தார்கள். நீட், ஐஐடி போன்ற கல்லூரிகளுக்கான ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து கேள்வி வரும். கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: வகையிடல், தொகையிடல் இரண்டுக்கும் அடிப்படை பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போன பையன் பிளஸ் டூவில் அவற்றின் பயன்பாடு வரும்போது முழிப்பான். இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் பலருக்கும் அரியர் விழுவது இந்தக் கணக்கில்தான்.

அதனால் மாதம் ஒருமுறை அவன் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். கணக்கு புரிய வேண்டியதில்லை. எந்தப் பாடத் தலைப்பு, என்ன தேதி, ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா, இது போதும். தேதி நின்றுபோயிருந்தால் மறுநாளே வகுப்பாசிரியரைப் பாருங்கள். பீடித் தட்டை ஒரு மணி நேரம் இறக்கி வைத்துவிட்டுப் போனாலும் அது வீண் இல்லை.

ஸ்மார்ட் போர்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் ஹைடெக் லேப் என்கிற கணினி ஆய்வகம் இருக்கிறது. பிள்ளை வாரத்தில் எத்தனை முறை அதற்குள் உட்காருகிறான் என்று கேளுங்கள். போனில் ‘மணற்கேணி’ செயலியைப் போட்டுக் கொடுங்கள், பாடங்கள் வீடியோவாக இருக்கின்றன. ஏஐயிடம் கேட்கட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் முதலில் அவனே நோட்டில் போட்டுப் பார்த்து, எங்கே சிக்கியதோ அந்த வரியை மட்டும் கேட்க வேண்டும். விடையை அப்படியே பார்த்து எழுதுகிற பையனுக்குப் பரீட்சை ஹாலில் கை ஓடாது.

தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நுழைவுத்தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்தான். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி பஸ்ஸில் போய்வரும் தூரம். மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் பேனல் ஆலை ஓடுகிறது. அவனுக்குக் கணக்கும் இயற்பியலும் பிடிக்கிறது என்றால் ஃபர்ஸ்ட் குரூப்பிலேயே விடுங்கள். டாக்டர் ஆசை அவனுடையதா, சொந்தக்காரர்களுடையதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கல்லூரியில் சேர்ந்ததும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவன் வங்கிக் கணக்கில் வரும். ஆதாரை இணைத்த கணக்கு இப்போதே தொடங்கிவிடுங்கள். வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் பதிந்துவிடலாம். ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை எப்போது, எப்படித் தருவார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் தனியாக உண்டு, அதற்கு உங்கள் அடையாள அட்டை வேண்டும். பெட்டியில் இருக்கிறதா, பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள்.