பதில்: "எங்கள் பரம்பரையில் யாருக்குமே இல்லை, மகனுக்கு மட்டும் டுஷேன் எப்படி வந்தது?"

சகோதரி, 'என்னால்தானா' என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். டுஷேன் என்பது தசைகள் படிப்படியாக அழியும் மரபணு நோய். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதத்துக்கான மரபணு, மகனுக்குத் தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. இந்த நோயுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த மரபணுவில் பிழை புதிதாகவே உண்டாகிறது, தாயிடம் இருக்காது. என் மகனும் தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி, தன் மேல் தானே ஏறுவதுபோலத்தான் எழுவான். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன், அது வேறு கதை. கெண்டைக்கால் பருத்திருப்பதைப் பலம் என்று நினைக்காதீர்கள். தசை அழிந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்வதுதான்.

முதலில் மகனுக்கு மரபணுப் பரிசோதனை, அதில் தெரியும் பிழையை வைத்து உங்களுக்கு. தசை சேதத்தைக் காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனை அளவு சரியாக இருப்பதால் மட்டும் நீங்கள் கேரியர் (மரபணுப் பிழையைச் சுமப்பவர்) இல்லை என்று ஆகிவிடாது. கேரியர் என்றால் அடுத்துப் பிறக்கும் மகனுக்கும் இந்த நோய் வர 50 சதவீத வாய்ப்பு. கேரியருக்கு இதயமும் பாதிக்கப்படலாம் என்பதால் உங்கள் இதயத்துக்கும் எக்கோ (ஸ்கேன்) எடுக்க வேண்டும், இதைப் பலர் சொல்வதே இல்லை. தங்கை இருந்தால் அவரும் கேரியராக இருக்கலாம், அவரிடமும் பேசுங்கள்.