மனதுக்குள் படித்தால் உச்சரிப்பு வராது

கேள்வி: வேலை செய்யும் இடத்தில் ஆங்கிலம் பேச வேண்டியிருக்கிறது. தினமும் சொற்களை அர்த்தத்தோடு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரே குடும்பத்துச் சொற்கள்தான் குழப்புகின்றன. ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபர், எகனாமிக், எகனாமிகல், அட்வைஸ் என்றே இரண்டு சொற்கள். ஒருநாள் ‘ப்ரொனௌன்ஸியேஷன்’ என்று சொன்னதற்கு ஒன்பதாவது படிக்கும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதிலிருந்து எல்லோரும் தூங்கிய பிறகு மனதுக்குள்ளேயே படிக்கிறேன். நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள். - ஒரு வாசகி

பதில்: புத்தகத்தின் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. இப்படிக் கேட்டு எழுதுகிறவர்கள் நிறைய. பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இரண்டு மூன்று புத்தகங்கள் இருக்கும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது: ‘மனதுக்குள்ளேயே படிக்கிறேன்.’ உச்சரிப்பைச் சத்தமில்லாமல் எப்படியம்மா படிப்பீர்கள்?

நீங்கள் எழுதியிருக்கும் சொற்களை வாயால் சொல்லிக் காதால் கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். அட்வைஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அறிவுரை’ என்ற பெயர்ச்சொல்லாக வரும்போது கடைசி ஒலி வெறும் காற்று. ‘அறிவுரை கூறு’ என்ற வினையாக வரும்போது அதே இடத்தில் தொண்டை அதிரும், அதற்கு முன் வரும் ‘ஐ’யும் கொஞ்சம் நீளும். குரல்வளைமேல் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். அந்த அதிர்வொலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. அதனால் உங்கள் நோட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ராத்திரி முழுக்க அதை உற்றுப் பார்த்தாலும் பிரியாது. யூஸ் என்ற சொல்லும் இப்படித்தான். அதில் ஆங்கில ஸ்பெல்லிங்கூட மாறாது.

ஃபோட்டோகிராஃப் சங்கதி வேறு. படத்தைச் சொல்லும்போது அழுத்தம் முதல் அசையான ‘ஃபோ’வில் விழும். படம் எடுப்பவரைச் சொல்லும்போது அது இரண்டாவது அசைக்குத் தாவி, ‘ஃபடாக்ரஃபர்’ ஆகிவிடும். ஃபோட்டோகிராஃபிக் என்றால் ‘கிரா’வில் அழுத்தம். அழுத்தம் விலகிய இடத்தில் உயிரொலி மங்கி, சோம்பலான ஒரு குட்டி ‘அ’வாகச் சுருங்கும். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று தனி எழுத்து கிடையாது. தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறுவதில்லை. அதனால் நம் காது அழுத்தத்தைத் தேடிப் பழகவில்லை, எல்லா அசையையும் ஒரே அளவில் சொல்லிவிடுகிறோம்.

‘இக்’ என்றும் ‘ஷன்’ என்றும் முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். ‘பாலிடிக்ஸ்’ போல விலகி நிற்பவையும் உண்டு. எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிகல் என்றால் சிக்கனமானது. இரண்டிலும் அழுத்தம் ‘னா’வில்தான்.

சரி, உங்கள் மகள் சிரித்த சொல்லுக்கு வருகிறேன். வினைச்சொல் ‘ப்ரனௌன்ஸ்’. பெயர்ச்சொல்லில் அந்த ‘னௌ’ கிடையாது, ‘ப்ரனன்ஸியேஷன்’தான். ஸ்பெல்லிங்கிலும் ஓர் எழுத்து உதிர்ந்திருக்கும், பாருங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இதில் தவறுவதுண்டு. மகளுக்குச் சரியான ஒலி தெரிந்திருந்தால் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். படிக்க முயலும் தாயைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பதை விளையாட்டு என்று நான் விடமாட்டேன். நீங்கள் விட்டுவிட்டீர்கள். அதோடு, குற்றம் செய்தவர் போல ராத்திரியில் ஒளிந்துகொண்டு படிக்கிறீர்கள். ‘தப்பாகப் பேசுகிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்’ என்ற பாடத்தைத்தான் உங்கள் பெண் இதிலிருந்து கற்றுக்கொள்வாள். நாளைக்கு அவளுக்கே ஒன்று தெரியாதபோது யாரிடமும் கேட்கமாட்டாள். அவளைக் கண்டிப்பது உங்கள் கடமை. வீட்டில் வேறு பெரியவர்கள் இருந்தால், அவர்கள் அன்று ஏன் சும்மா இருந்தார்கள் என்றும் கேளுங்கள்.

நாளை மாலை, எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அன்று சிரித்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். அப்புறம் வேலையை ஆரம்பியுங்கள். நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். ஒலியோடு வரும் அகராதிகள் போனிலேயே இருக்கின்றன. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள், அவள் திருத்தட்டும். ஒவ்வொரு சொல்லையும் அதன் குடும்பத்தோடு சேர்த்து எழுதி, அழுத்தம் விழும் அசைக்கு அடியில் கோடு போடுங்கள். கோடு எங்கே என்பதை முதலில் நீங்கள் சொல்லுங்கள், அவள் சரிபார்க்கட்டும். அவளுக்கும் பாதிக்குப் பாதி தெரியாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அப்போது நீங்கள் சிரிக்காதீர்கள்.