வாசகர் கேள்வி: முல்லைத்தீவுக்குச் சுற்றுலா போகலாமா?

கேள்வி: வரும் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போகிறோம். நயினாதீவு, நெடுந்தீவு, கீரிமலை பார்த்துவிட்டு அப்படியே முல்லைத்தீவு கடற்கரைக்கும் போய் வரலாம் என்கிறார் கணவர். போரில் அத்தனை உயிர் போன மண்ணுக்குச் சுற்றுலா போவதா என்று எனக்கு உறுத்துகிறது. என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போய் வாருங்கள் அம்மா. நான் மூன்று முறை போயிருக்கிறேன். "ஏன் வந்தனீங்கள்?" என்று அங்கே ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. "எத்தினை நாள் நிப்பியள்?" என்றுதான் கேட்டார்கள். காலையில் வேன் பிடித்துப் போய், கடலோரம் படம் எடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் யாழ்ப்பாணம் திரும்புகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஓர் இரவாவது தங்குங்கள்.

முடிந்தால் பஸ்ஸில் போங்கள். ஏ9 சாலையில் ஆனையிறவு தாண்டியதும் பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பும். அப்புறம் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று வரிசையாக வரும். வழியெல்லாம் பனையும் வயலும்தான், கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. 2009 ஜனவரியில், புலிகளின் கையிலிருந்த கிளிநொச்சி ராணுவத்திடம் விழுந்த பிறகு, சனங்கள் மூட்டை முடிச்சோடு நகர்ந்து நகர்ந்து போனதும் இதே வரிசையில்தான். நடத்துநர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஆள் இறக்குவார். பள்ளிப் பிள்ளைகள் இறங்கி ஓடுவார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

முள்ளிவாய்க்காலுக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே வட்டுவாகல் பாலம். ஒரு பக்கம் நந்திக்கடல் என்ற காயல், நீரோட்டம் இல்லாத வெள்ளித்தட்டு மாதிரி கிடக்கும். கொக்கும் நாரையும் நிற்கும். அந்த 2009 மே மாதம் மிஞ்சிய சனங்கள் இந்தப் பாலத்தைக் கடந்துதான் ராணுவத்தின் பக்கம் வந்தார்கள். அங்கே நின்று பல்லைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். வேறு நாட்டுக்குப் போனால் எதைக் கேட்பதானாலும் வழிகாட்டி வழியாகத்தான் கேட்போம். இங்கே மொழி ஒன்று. அதனாலேயே வாய் சட்டென்று கேட்டுவிடுகிறது. முதல் பயணத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவின் தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, "2009-ல் நீங்கள் இங்கேதான் இருந்தீர்களா அம்மா?" என்றேன். "ஓம் பிள்ளை" என்றவர் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பிளேன்ரீயை, அதாவது பால் விடாத தேநீரை, அவர் மகன்தான் கொண்டுவந்து வைத்தான். அவர் திரும்ப வரவில்லை.

அடுத்த வருஷம் அதே கடைக்குப் போனேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. மீன் விலை, மழை, மகனின் படிப்பு என்று பேச்சு போனது. மூன்றாம் நாள், இடியப்பம் பிழிந்துகொண்டே அவராகச் சொன்னார்: "என்ர கூறைச் சேலையைக் கிழிச்சுத்தான் பிள்ளை பங்கருக்கு மண்மூட்டை தைச்சனான். நல்ல அரக்கு நிறம்." அவ்வளவுதான். அடுத்த தட்டை எடுத்துவிட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

மே மாதம்தான் போகிறீர்கள் என்றால், போர் முடிந்த 18-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் வழியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள். கடைசி மாதங்களில் சனங்களை உயிரோடு வைத்திருந்த கஞ்சியின் நினைவாகக் காய்ச்சுவது. கையில் கொடுத்தால் ஓரமாக நின்று குடித்து முடியுங்கள். அதே பருவத்தில்தான் நந்திக்கடல் ஓரம் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலும் வரும். கடல்நீரில் விளக்கெரிப்பது அங்கே வழிவழியாக வரும் வழக்கம். கூட்டம் நெரியும், ஆனாலும் விடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது முஸ்லிம்களின் சோனகத் தெருப் பக்கமும் நடந்து பாருங்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். நம் பக்கம் இதைப் பலரும் சொல்வதில்லை, எனக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது.

முல்லைத்தீவு இருக்கும் வன்னிப் பகுதியில் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்து 'மிதிவெடி' (நம் ஊரில் கண்ணிவெடி) என்று எழுதியிருந்தால் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. ஏ9 சாலையில் வரும் முகமாலைப் பக்கம் வெடி அகற்றும் வேலை பல வருஷமாக நடக்கிறது.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?
– அதே வாசகி

பதில்: நூலகத்தில் ஆரம்பியுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2003-ல் திறந்தார்கள். புத்தகம் எரிந்தது என்றால் அந்த வயதுப் பிள்ளைக்குப் புரியும். மீதியை அவளே கேட்பாள், கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். அப்புறம் நெடுந்தீவுக்குக் கூட்டிப் போங்கள். குறிகட்டுவானிலிருந்து படகு. பவளக்கல் வேலிகளும் சொந்தக்காரர் இல்லாமல் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளும் அவளுக்குப் பிடிக்கும். காலைப் படகையே பிடியுங்கள், மத்தியானத்துக்கு மேல் கடல் ஆட்டும்.