அப்பா தொடங்கிய லான் பராமரிப்புத் தொழில்: தம்பி கேட்கும் பங்கு எவ்வளவு?

கேள்வி: 1994-ல் ஒரு தள்ளு மெஷினோடு அப்பா ஆரம்பித்த லான் பராமரிப்புத் தொழிலை 12 வருடமாக நான்தான் நடத்துகிறேன். அபார்ட்மென்ட், மருத்துவமனை, ஐடி அலுவலகம், கல்லூரி என்று 22 இடங்கள், 11 ஆட்கள். போன வருடம் ஜிஎஸ்டி நீங்கலாக ரூ.38 லட்சத்துக்கு பில் போட்டோம். பான், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு எல்லாம் அப்பா பெயரில். ஷெட்டும் புல் வளர்க்கும் 60 சென்ட் நிலமும் அப்பா வாங்கியவை. எனக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. வீட்டுச் செலவுக்குத் தொழிலிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். ஆடிட்டர் 6% லாபம் காட்டி வரிக்கணக்கு தாக்கல் செய்கிறார். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவும் இருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி, "தொழில் ஒரு கோடி பெறும், என் பங்கைக் கொடு" என்கிறான். தங்கைக்கு ஈரோட்டில் திருமணமாகிவிட்டது. வரவு செலவை இணைத்துள்ளேன். என்ன செய்வது?
- வாசகர், கோவை

பதில்: இது அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து. பூர்வீகச் சொத்தை விற்ற பணத்தில் தொடங்கியதாக இருந்தால் தவிர, அவர் உயிரோடு இருக்கும்வரை தம்பிக்கு இதில் பங்கு கேட்கும் உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லை. 12 வருட உழைப்பு நியாயமாக எவ்வளவு பெரிதானாலும், தனிநபர் நிறுவனத்தில் அது சட்டப்படி பங்காக மாறாது. உயில் இல்லாமல் அப்பா காலமானால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நால்வருக்கும் சமபங்கு. தங்கையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. அவரை விட்டுவிட்டு எந்தக் கணக்கையும் போடாதீர்கள்.

சண்டைக்குக் காரணம், ஒரே தொழிலுக்கு மூன்று எண்கள் இருப்பதுதான். ஜிஎஸ்டி ரிட்டர்னில் ரூ.38 லட்சம். வரிக்கணக்கில் அதில் 6%, அதாவது ரூ.2.28 லட்சம். உண்மையில் கைக்கு வருவது வேறு. தம்பி முதல் எண்ணைப் பார்த்துக் கோடி என்கிறார். நாளைக்கு நீங்கள் இரண்டாவது எண்ணைக் காட்டினால் அவர் நம்பப் போவதில்லை.

நீங்கள் அனுப்பிய விவரப்படி சம்பளமும் இஎஸ்ஐயும் ரூ.17.70 லட்சம், பெட்ரோல், ஆயில், பிளேடு, ரிப்பேர் ரூ.3.10 லட்சம், உரமும் மருந்தும் ரூ.2.40 லட்சம், டெம்போ ரூ.2.30 லட்சம், இதர செலவு ரூ.90,000. ஆக ரூ.26.40 லட்சம் போக மீதி ரூ.11.60 லட்சம். ஆனால் இது முழுக்க லாபம் அல்ல. உங்கள் வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் மாதம் ரூ.45,000 கேட்பார், வருடத்துக்கு ரூ.5.40 லட்சம். அப்பாவின் நிலத்துக்கும் ஷெட்டுக்கும் வாடகை மாதம் ரூ.5,000 என்றால் ரூ.60,000. இரண்டையும் கழித்தால் தொழிலின் நிஜ லாபம் ரூ.5.60 லட்சம்.

ஒரே ஆளை நம்பி ஓடும் சின்ன சேவைத் தொழிலுக்கு நான் இரண்டு வருட லாபத்துக்கு மேல் மதிப்புப் போடுவதில்லை. ஒப்பந்தங்கள் எழுத்தில் இருந்து, சூப்பர்வைசர் ஒருவரும் நிலையாக இருந்தால் மூன்று வருடம் வரை போகலாம். உங்களுக்கு நடுவில் இரண்டரை: ரூ.14 லட்சம். மெஷின்களுக்குத் தனி விலை போட வேண்டாம், அவை இதிலேயே அடக்கம். தினமும் ஓடும், புல் வெட்டும் டூ-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில் ஒருமுறை குறைந்தாலே பிஸ்டன் கீறிவிடும்; பழைய மெஷினை வாங்குபவருக்கு இது தெரியும்.

இதில் கழிக்க வேண்டிய பழைய கடன் ஒன்று உண்டு. உங்கள் ஆட்கள் பட்டியலில் இருவர் 18 வருடமாக இருக்கிறார்கள். 10 பேருக்கு மேல் இருப்பதால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்களுக்குப் பொருந்தும். ரூ.13,000 சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ரூ.7,500, 18 வருடத்துக்கு ஒருவருக்கு ரூ.1.35 லட்சம், இருவருக்கு ரூ.2.70 லட்சம். மிஞ்சுவது ரூ.11.30 லட்சம். ஐந்து வருடம் தாண்டிய மற்றவர்களுக்கும் இதே கணக்கைப் போட்டால் இன்னும் குறையும். இந்தப் பொறுப்பு தொழிலோடு சேர்ந்து உங்கள் தலைக்கு வருகிறது என்பதைத் தம்பிக்குக் காட்டுங்கள்.

பில் தொகை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு உங்கள் பட்டியலிலேயே ஒரு அபார்ட்மென்ட் சாட்சி. மாதம் ரூ.14,000 தருகிறார்கள், முழுநேரம் ஒருவரை அங்கேயே நிறுத்தியிருக்கிறீர்கள். சம்பளம் ரூ.13,000, இஎஸ்ஐ 3.25% ரூ.423, பெட்ரோலும் உரமும் ரூ.1,500. மாதாமாதம் ரூ.923 கையைக் கடிக்கிறது. 22 இடங்களுக்கும் இப்படி ஆள் நேரத்தை வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வாரம் ஒருமுறை வெட்ட வேண்டிய புல்லுக்கு, கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டும் கணக்கில் விலை பேசியிருந்தால் அங்கேயும் நஷ்டம்தான்.

அடுத்து, தொழிலின் வரலாற்றுக்கு ஒரு கோப்பு. அப்பாவின் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவங்களை வருடவாரியாகப் பதிவிறக்குங்கள். எந்த நிறுவனம் எவ்வளவு பணம் கொடுத்து 1% டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்தது என்பது அதில் இருக்கும். டிடிஎஸ் பிடிக்காத சங்கங்களுக்கு வங்கி ஸ்டேட்மென்ட். இரண்டையும் சேர்த்தால் எந்த வாடிக்கையாளர் அப்பா காலத்தவர், யார் நீங்கள் பிடித்தவர், யார் விட்டுப்போனார்கள் என்பது தெளிவாகிவிடும். வாய்ச்சண்டையை இது பாதியாகக் குறைக்கும்.

மாற்றத்தை அப்பா இருக்கும்போதே முடியுங்கள். உயில் மட்டும் போதாது. அவருக்கு ஏதாவது ஆனால் அன்றே வங்கிக் கணக்கு முடங்கும், பில் போட முடியாது, சம்பளம் நிற்கும். இரண்டு வழிகள் உள்ளன. அப்பாவும் நீங்களும் சேர்ந்து கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்) தொடங்குவது ஒன்று. இருவர் மட்டும் இருந்தால் ஒருவர் மறைந்ததுமே நிறுவனம் கலைந்துவிடும், அதனால் மூன்றாவதாக ஒருவர் வேண்டும். வரியும் உண்டு. வாடகை போக ரூ.11 லட்சத்தில் பங்குதாரர் சம்பளமாக ரூ.8.40 லட்சம்வரை கழிக்கலாம், மீதி ரூ.2.60 லட்சத்துக்கு 30%, செஸ் சேர்த்து ரூ.81,120.

நான் சொல்வது இரண்டாவது வழி. பதிவு செய்த தான பத்திரம் மூலம் அப்பா தொழிலை மட்டும் உங்களுக்குக் கொடுத்துவிடட்டும். அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் தானத்துக்கு வருமான வரி இல்லை. நீங்கள் தனிநபராக நடத்தினால், 2025-26 முதல் புதிய வரிமுறையில் ரூ.12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரி இல்லாததால், உண்மை லாபத்தைக் காட்டினாலும் வரி வராது. 6% காட்டுவதை இத்தோடு நிறுத்துங்கள். சிறு தொழில்களுக்கான உத்தேச வரிமுறையில் 6% என்பது குறைந்தபட்சம். அதைவிட அதிகம் சம்பாதித்தால் அதைக் காட்டுவதுதான் சட்டம். ரூ.2.28 லட்சம் காட்டுபவருக்கு வங்கியும் பெரிய கடன் தராது. புல் விற்ற வரவு இருந்தால் தனி நோட்டில் எழுதுங்கள், அதன் வரிக் கணக்கு வேறு.

மாற்றத்தை ஏப்ரல் 1-ல் வையுங்கள். உங்கள் பெயரில் புதிய ஜிஎஸ்டி பதிவு, சிறு நிறுவனங்களுக்கான புதிய உத்யம் பதிவு, நடப்புக் கணக்கு. அப்பாவின் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி மிச்சத்தை (வாங்கியவற்றுக்குக் கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத ஜிஎஸ்டி) ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். 22 இடங்களுக்கும் கடிதம் கொடுத்துப் புதிய பெயரில் ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: பில் உங்கள் பெயரில் போகும், அவர்கள் கணக்குப் பிரிவு அப்பாவின் பழைய பான் எண்ணிலேயே டிடிஎஸ் கட்டும். முதல் காலாண்டு முடிந்ததும் சரிபார்த்து, தவறு இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

தம்பி, தங்கைக்கு எவ்வளவு என்பது அப்பாவின் முடிவு. மூவருக்கும் சமம் என்றால் ஆளுக்குச் சுமார் ரூ.3.77 லட்சம். இருவருக்குமான ரூ.7.54 லட்சத்தை 48 மாதத் தவணையாக்கினால் மாதம் சுமார் ரூ.15,700, தொழில் தாங்கும். வங்கி மூலமே கொடுங்கள், ரொக்கம் வேண்டாம். நிலம் அப்பா பெயரிலேயே இருக்கட்டும். நீங்கள் கொடுக்கும் வாடகை அவர் கைக்கு வரும். அவருக்கும் அம்மாவுக்கும் மாதம் எவ்வளவு தருவீர்கள், நிலம் பின்னாளில் யாருக்கு என்பதையும் சேர்த்துக் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரமாக எழுதி, ஐவரும் கையெழுத்திடுங்கள். நிலத்துக்கு அப்பா தனியாக உயில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்துவிடட்டும்.