தம்பியின் சம்பளத்துக்காக அட்டை பிடித்து நிற்கலாமா?

யீஷூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நான் சிங்கப்பூர்க் குடிமகன். தம்பி வொர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலை செய்கிறான். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. நானும் அவனும் கூட வேலை செய்யும் நாலு பேரும் கம்பெனி வாசலில் அட்டை பிடித்து நிற்கப் போகிறோம். கோஷம் கிடையாது. காந்தி வழிதானே ஐயா, என்ன தப்பு?"

நியாயப்படி தப்பில்லை, சட்டப்படி தப்பு. 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில், ஒரு விஷயத்துக்காகப் பொது இடத்தில் ஒரே ஆள் அட்டையோடு நின்றாலும் அது கூட்டம்தான். ஒருவர் எப்படிக் கூட்டமாவார் என்று என்னைக் கேட்காதீர்கள். போலீஸ் அனுமதியில்லாமல் கலந்துகொண்டால் முதல் தடவை 3,000 வெள்ளி வரை அபராதம், ஏற்பாடு செய்தவருக்கு 5,000 வரை. தம்பிக்கு வேலையும் போகலாம்.

காந்தி என்றதும் பலர் வாயை மூடிக்கொண்டு நிற்பதை நினைத்துக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் தொடங்குமுன்பே, 1903இல், அவர் பத்திரிகை தொடங்கிவிட்டார். அதில் தமிழ்ப் பக்கங்களும் இருந்தன. எதற்காக நிற்கிறோம் என்று ஊருக்குத் தெரியாவிட்டால், நின்று என்ன பயன்?

சரி, பேச இடம் எங்கே? ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. குடிமகனான நீங்கள் தேசியப் பூங்காக் கழகத்தில் பதிந்துவிட்டுப் பேசலாம், தமிழிலேயே. இனம், மதம் பக்கம் போகாதீர்கள். போராட்டமாகச் செய்தால் நிரந்தரவாசி கலந்துகொள்ளலாம். தம்பி வரவே கூடாது. ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறேன் என்றாலும் வேண்டாம், வெளிநாட்டவர் கலந்துகொள்வது குற்றம். இன்னொன்று: முடிந்ததும் அட்டையைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். 2017இல் ஒரு கலைஞர் அங்கே அனுமதியோடு தொடங்கி, கையில் ஒரு கண்ணாடியுடன் நாடாளுமன்றம் வரை தனியாக நடந்தார். அது ஊர்வலமாம்! 2,500 வெள்ளி அபராதம். கட்ட மறுத்து இரண்டு வாரம் சிறைக்குப் போனார்.

"பெர்மிட் வாங்கித் தருகிறேன், ஹொங் லிம்மில் இடம் பிடித்துத் தருகிறேன், முந்நூறு வெள்ளி கொடு" என்று தேக்காவில் எவனாவது வந்தால் ஒரு காசு கொடுக்காதீர்கள். அங்கே பதிவது இலவசம். "முதலாளியிடம் நான் பேசுகிறேன்" என்று வரும் ஏஜெண்டு இன்னும் மோசம். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த தாளைப் பார்த்தேன்: மேலே காலி, கீழே அவர் கையெழுத்து. ஏஜெண்டு சொன்னானாம், போட்டாராம். மேலே பிற்பாடு "முழுச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுத எவ்வளவு நேரமாகும்?

சம்பளத்துக்கு, டாடம் (TADM) என்கிறோமே, அந்த முத்தரப்புச் சமரச அமைப்பில் தம்பி புகார் கொடுக்கட்டும். வேலையில் இருந்தால் சம்பளம் வராமல் போனதிலிருந்து ஒரு வருடத்துக்குள், விட்டிருந்தால் விட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். சமரசம் ஆகாவிட்டால் சம்பள வழக்குகளுக்கான தீர்ப்பாயம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். பேச ஒரு மூலை, புகாருக்கு ஒரு கெடு. பாக்கி வைத்த முதலாளி மட்டும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வேலை நேரம் குறித்த நோட்டு எல்லாவற்றையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். தங்குவிடுதி அலமாரியில் மட்டும் இருந்தால் போதாது.